வாத்துக்கு நாவூறு கழித்த எபிசோட்

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், தொலைக்காட்சி நிலையத்தில் எங்கள் பகுதியில் வேலை செய்யும் இளம்பெண்கள் இரண்டு பேர் தேநீர்க் கோப்பைகளோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். "நீங்கள் எதையாவது தடை செய்திருக்கிறீர்களா?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நான் ஏதோ ஆட்சியைக் கவிழ்த்தவள் என்று நினைத்திருந்தாள் போல. இப்போது அவர்கள் சிறுவர் நிகழ்ச்சிகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். தீ, கத்தி, கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் கணினியே சிவப்பில் காட்டிவிடுகிறது. எங்கள் காலத்தில் அந்த வேலையைச் செய்தவை எங்கள் முழங்கால்கள். இதை விளக்கத் தொடங்குவதற்குள் அவர்களுக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

ஆம், தடை செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் நடித்தவர் என் அம்மா.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான்தான். இதை நான் அடக்கத்தோடு சொல்வதில்லை. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அண்ணை இரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டார். பள்ளிக்கூடமும் அவரைத் தேடவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, எண்பதுகளின் நடுவில் அம்மாவோடு லண்டன் வந்து, பிளேஸ்டோவில் அண்ணையின் வீட்டு மேல் அறையில் இருந்துகொண்டு தட்டெழுத்துப் படித்தேன். ஒரு கவுன்சில் அலுவலகத்தில் இரண்டு வருடம் கடிதம் தட்டினேன். பிறகு ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. சிறுவர் நிகழ்ச்சிகளை ஒளிபரப்புக்கு முன் பார்த்துக் குறிப்பெழுத 'பார்வையாளர்' ஒருவர் வேண்டுமாம். விண்ணப்பித்தேன், கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்தால் நிரந்தரம்.

அண்ணை அப்போது பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை செய்தார். செய்தியைக் கேட்டதும் கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தார்.

"சம்பளத்துக்கு ரீவி பாக்கிறதோ? நான் எத்தினை வருசமாச் சும்மா பாக்கிறன்!"

"நான் பாத்துக் குறிப்பெழுதோணும், அண்ணை."

"நானும் பாத்துப்போட்டுக் கருத்துச் சொல்லுறனான்தானே. ஒருத்தரும் ஒரு சதம் தரேல்லை."

அம்மா மட்டும் விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும், "என்ர பிள்ளை ரீவியில பெரிய ஆள். அவள் ஓமெண்டாத்தான் படம் ஓடும்," என்று சொல்லிவிடுவார். அது அவ்வளவு பிழையும் இல்லை.

எங்கள் பகுதியின் தலைவி மிஸ் ஹாலோவே. ஐம்பது வயதைத் தாண்டியவர், ஆறடி உயரம், எந்தக் காலநிலைக்கும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை. குரலை உயர்த்தவே மாட்டார். எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "நான்கு வயதுப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, எழும்பிப் போய் என்ன செய்யும்?"

ஒவ்வொரு எபிசோடையும் நான்கு தரம் பார்க்க வேண்டும். முதல் தரம் சாதாரணமாக. இரண்டாம் தரம் சத்தத்தை நிறுத்திவிட்டு. மூன்றாம் தரம் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு. நான்காம் தரம் தரையில் முழங்காலிட்டு, நான்கு வயதுப் பிள்ளையின் உயரத்தில் இருந்து. முதல் நாள் இதை விளக்கிவிட்டு அவரே முழங்காலிட்டுக் காட்டினார். முழங்காலில் நின்றபோதும் என் தோள் உயரம் இருந்தார். குறை இல்லையென்றால் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து. நிறுத்த வேண்டுமென்றால் இளஞ்சிவப்புத் தாள். வெள்ளைத் தாளில் யார் கையெழுத்து வைத்தாரோ அவரே இளஞ்சிவப்புத் தாளையும் நிரப்ப வேண்டும் என்பது விதி. "நீ திறந்த கதவை நீயே பூட்டு," என்பார்.

முழங்காலிடுவதை நான் பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன், அந்த வெருளி வரும்வரை. தோட்டத்தில் காகம் விரட்ட நிற்கும் வைக்கோல் வெருளி ஒன்று தன் தலையைக் கழற்றி மடியில் வைத்து, அதற்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கும் எபிசோட் அது. கதிரையில் இருந்து பார்த்தபோது சிரித்தேன். முழங்காலில் நின்று பார்த்தபோது அந்தத் தலை மடியிலிருந்து உருண்டு நேரே என் மூக்குக்கு வந்தது. நான் கத்திய சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஆள் வந்தது. மிஸ் ஹாலோவே இளஞ்சிவப்புத் தாளை நீட்டினார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. பிள்ளைகள் பார்த்துச் செய்யக்கூடிய எதையும் தானே செய்து பார்ப்பார். ஒரு கரடிப் பொம்மை ஒளித்துப் பிடித்து விளையாடும்போது அலுமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளும் எபிசோட் வந்தது. மிஸ் ஹாலோவே எங்கள் தாள்கள் வைக்கும் இரும்பு அலுமாரியை வெறுமையாக்கச் சொன்னார். ஆறடியையும் மூன்றாக மடித்து உள்ளே போனார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். பூட்டு விழுந்துவிட்டது. சாவி அலுமாரியின் உட்பக்கக் கொளுக்கியில்தான் எப்போதும் தொங்கும். கட்டடக் காவலாளி வந்து கதவின் பிணைச்சலைக் கழற்ற முக்கால் மணி நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் உள்ளேயிருந்து அமைதியான குரல் வந்துகொண்டிருந்தது: "எழுது. உள்ளே கைப்பிடி இல்லை. எழுது. இருட்டு. எழுது. முதல் பத்து நிமிடம் பிள்ளைக்கு இது பிடிக்கும்."

அந்தக் குரலுக்காகவே நான் அந்த வேலையில் நிரந்தரமாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஐந்தாம் மாதம் புடிங் வந்தது. புடிங் ஒரு வாத்துப் பொம்மை. வாரம் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், அந்த வீட்டுச் சமையலைப் பழகிக் குழப்பியடிப்பது அதன் தொழில். அதை ஆட்டுகிற கெவின் என்பவர் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, கையை மட்டும் மேலே நீட்டி, குரலும் கொடுப்பார். லண்டனில் ஒரு தமிழ் வீடு வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் நான் எங்கள் விலாசத்தைச் சொல்லிவிட்டேன்.

சமையலைப் படம் பிடிப்பதற்காக அண்ணை குசினிக்கு மஞ்சள் பூச்சுப் பூசினார். அம்மா இடியப்பம் பிழிவதற்குக் கலியாணச் சேலை உடுத்தார். நிகழ்ச்சியைப் பார்க்கிறவர்கள் படப்பிடிப்புக்குப் போகக்கூடாது, புதுக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதால் நான் அன்று அலுவலகத்தில் இருந்தேன். "எப்பிடியம்மா போச்சு?" என்று மாலையில் கேட்டதற்கு, "அந்த வாத்து நல்ல பிள்ளை. வளத்த விதம் தெரியுது," என்று மட்டும் சொன்னார்.

நாடா என் மேசைக்கு வந்தபோது மிஸ் ஹாலோவே முழங்கால் சத்திரசிகிச்சைக்காக விடுப்பில் இருந்தார். அதில் அம்மா தோன்றுவதால் வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்க ஆளும் இல்லை, மனமும் இல்லை. நான்கு தரமும் விதிப்படி பார்த்தேன். ஐந்தாம் தரம் எனக்காகப் பார்த்தேன்.

அம்மா இடியப்ப உரலைப் பிடித்துக் காட்டுகிறார். புடிங் தலையால் அமத்துகிறது. இடியப்பம் அதன் கழுத்தில் மாலையாக விழுகிறது. நிகழ்ச்சி நடத்தும் பெண் கைதட்டி, "எவ்வளவு அழகான வாத்து! எவ்வளவு கெட்டிக்கார வாத்து!" என்கிறாள். யன்னலுக்கு வெளியே அயல்வீட்டுப் பிள்ளைகளும் கத்துகிறார்கள். அம்மாவின் முகம் மாறுகிறது. "இப்பிடிப் புகழப்படாது பிள்ளை. எத்தினை பேற்ற கண் இதில கிடக்குது," என்கிறார். யாருக்கும் விளங்கவில்லை. அம்மா காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் கைக்குள் பொத்திக்கொண்டு வந்து, புடிங்கின் தலையை மூன்று தரம் சுற்றி, கையை அதன் சொண்டுக்கு நேரே நீட்டி, "துப்பு மோனை," என்கிறார். கெவின் அனுபவசாலி. வாத்து மூன்று தரம் துப்பியது. அம்மா எல்லாவற்றையும் காஸ் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தாச்சிக்குள் போட்டார்.

நாவூறு, கண்ணூறு, திருஷ்டி, பெயர் எதுவானாலும் செத்தல் மிளகாய் எரிந்தால் என்ன நடக்கும் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நிகழ்ச்சி நடத்தும் பெண் இருமினாள். கமரா ஆடியது. மேசைக்கு அடியில் கெவின் இருமிய இருமலில் வாத்தின் கழுத்து முன்னும் பின்னும் அடித்தது. கெவின் கெட்டிக்காரர், இருமலையும் வாத்தின் குரலிலேயே இருமினார். அம்மா மட்டும் திருப்தியோடு நின்று, ஆங்கிலத்தில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: "ஓல் குட் பீப்பிள்." மிளகாய் நன்றாக நெடியடித்தால் கண்ணூறு இல்லை என்பது அவர் கணக்கு.

வெள்ளைத் தாளில் தீ என்ற பகுதிக்கு எதிரே, "அடுப்பின் அருகில் பெரியவர் நிற்கிறார்" என்று எழுதினேன். குறைகள் என்ற பகுதியில், "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எபிசோட் போனது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்த நேரம் வேலையில்; தனியே பார்க்க அம்மா சம்மதிக்கவில்லை. அண்ணை வீடியோவில் பதிவு செய்ய ஒழுங்குபண்ணிவிட்டுத்தான் போயிருந்தார். வந்து போட்டுப் பார்த்தால் ஒரு மணித்தியாலம் ஸ்நூக்கர்.

"பரவாயில்லை," என்றார் அம்மா. "சனிக்கிழமை காலமை திருப்பிப் போடுவினமாம். எல்லாரையும் வரச் சொல்லிப்போட்டன்."

மறுநாள் நான் அலுவலகம் போனபோது தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் மூத்த பிள்ளை தங்கையின் தலையைச் சுற்றி மிளகுத்தூளைக் கணப்பில் கொட்டிவிட, குடும்பமே தெருவில் நின்று இருமியதாம். இன்னொரு வீட்டில் கடுகுத்தூள், பாண் வாட்டும் இயந்திரத்துக்குள். ஒரு தாய், மகன் பூனையைப் பிடித்து வைத்துக்கொண்டு துப்பச் சொல்லிக் கெஞ்சுகிறான், பூனை ஒத்துழைக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டாள். ஒரு பாடசாலையில் இருபத்தைந்து பிள்ளைகள் ஆசிரியையைச் சுற்றி நின்று துப்பியிருக்கிறார்கள். அன்பினால்தானாம்.

நானும் சிரித்தேன். மத்தியானம் ஒரு பெண் அழைத்தாள். கோபப்படவில்லை. நாலரை வயது மகள் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, காஸ் அடுப்பைத் திறந்துவிட்டு, நெருப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டு நின்றாளாம். "தம்பி அழகாக இருக்கிறானாம், அதனால்தானாம்," என்றாள். "நான் அந்த நேரம் குசினிக்குள் வந்தேன். அவ்வளவுதான். சொல்ல வேண்டும் என்று தோன்றியது." அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை மிஸ் ஹாலோவே ஊன்றுகோலோடு வந்தார். எபிசோடைப் பார்த்தார். முழங்காலிட முடியாததால் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தார். பிறகு எழும்பி, "அந்த மிளகாய் கொஞ்சம் கொண்டுவர முடியுமா?" என்றார். பக்கத்துக் கடையில் வாங்கி வந்தேன். தேநீர் அறையில் ஒரு மின் அடுப்பு இருந்தது. "எவ்வளவு போடுவார்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பொதியைக் கவிழ்த்துவிட்டார்.

மூன்று மாடிகளும் வெளியேறின. நடைபாதையில் நின்று எல்லோரும் கண்ணைக் கசக்கினோம். செய்தி வாசிக்கிறவர் கழுத்தில் துணி கட்டி, பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் பூசியபடி இருமிக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டி வந்தது. மிஸ் ஹாலோவே ஊன்றுகோலில் சாய்ந்து, கண்ணீர் வழிய, அதே அமைதியான குரலில் கேட்டார்.

"நீ கவனமான பெண். அந்த வெருளியில் எல்லாம் கண்டுபிடித்தாய். இது எப்படித் தப்பியது?"

"அது ஒரு செயலாகவே என் கண்ணில் படவில்லை, மிஸ் ஹாலோவே. தலை வாரி விடுவது மாதிரி."

"உங்கள் வீடுகளில் பிள்ளைகள் இதைப் பார்த்துச் செய்ய மாட்டார்களா?"

"பிள்ளைகளுக்குத்தான் செய்வார்கள். நாங்கள் நடுவில் இருப்போம். அசைந்தால் அடி விழும். நாங்களே செய்யலாம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை."

அவர் வெகுநேரம் தலையாட்டினார். "அது உன் தாயா?" என்றார் பிறகு. நான் சொல்லியிருக்கவில்லை. "நீ வெள்ளைத் தாளில் அவ்வளவு அழகாக ஒருநாளும் எழுதியதில்லை," என்றார்.

உள்ளே போனதும் இளஞ்சிவப்புத் தாளை என் முன்னால் வைத்தார். மிளகாய்க் காட்சியை மட்டும் வெட்டினால் என்ன என்று கேட்டேன். அப்படியென்றால் சனிக்கிழமை அம்மா இடியப்பமாவது பிழிவார். மிஸ் ஹாலோவே, "முதல் தரம் பார்த்த பிள்ளைக்கு வெட்டியது எங்கே என்று தெரியும். அந்த அம்மாவின் முகத்தைக் கண்டதும் மிளகாயைத் தேடும். ஆனால் தாள் உன்னுடையது," என்றார். கதிரையில் ஏறிய பிள்ளையை நினைத்தேன். நிறுத்துக என்று எழுதினேன்.

அடுத்தது காரணம். எங்கள் தாளில் காரணங்கள் அச்சிட்டே இருக்கும். பொருத்தமானதற்கு அடையாளம் போட்டால் போதும். தீ சம்பந்தப்பட்டதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: "பொறுப்பற்ற பெரியவரின் செயல்." பேனாவைக் கொண்டுபோனேன். கை போகவில்லை. அந்தப் பெரியவர் தன் வாழ்நாளில் எந்தப் பிள்ளையையும் அடுப்படியில் தனியே விட்டவர் அல்ல. ஒரு துணி வாத்துக்குக்கூட ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று பார்த்தவர். அடையாளம் போட்டால் என் பிழை அம்மாவின் தலையில் போய்விடும்; தகுதிகாண் காலமும் சுமுகமாக முடியும். போடாவிட்டால் ஐந்தாம் மாதத்தில் என் கையாலேயே என்னைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும்.

அச்சிட்டதைக் கோடு போட்டு வெட்டினேன். மேலே எழுதினேன்: "பொறுப்பான பெரியவர். பொறுப்பற்ற பார்வையாளர்." கையெழுத்தை வைத்துத் தாளை நீட்டினேன்.

மிஸ் ஹாலோவே இரண்டு தரம் வாசித்தார். "பொறுப்பற்ற பார்வையாளர்கள் இப்படி எழுதுவதில்லை," என்றார். தனது கையெழுத்தையும் வைத்து, தாளைத் தட்டில் போட்டுவிட்டு, மின் அடுப்பைக் கழுவப் போனார். நிரந்தரமாவேனா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அன்று வீட்டுக்குப் போனேன். அவர் சனிக்கிழமை வருகிறவர்களுக்கு றோல்ஸ் பொரிக்க உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையும் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவர் கலியாணச் சேலையை இஸ்திரிப்பெட்டியால் மறுபடி மினுக்கிக்கொண்டிருந்தார். ரீவியில் தோன்றும் நேரத்தில் தான் அதே சேலையில் இருந்தால்தான் ஆளை அடையாளம் தெரியுமாம்.

சனிக்கிழமை காலை முன் அறையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். ஹரோவில் இருந்து சித்தப்பா குடும்பம் இரண்டு ரயில் மாறி வந்திருந்தது. வெம்பிளி மாமி முன் வரிசையில், தட்டில் நாலு றோல்ஸுடன். அண்ணை ரீவிக்குப் பக்கத்தில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார். நான் கதவோரம் நின்றேன்.

நேரமானது. அறிவிப்பாளர், புடிங் இன்று வராது என்றார். முள்ளம்பன்றிகளைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி தொடங்கியது.

"இதென்ன, பண்டியோ?" என்றார் சித்தப்பா.

"அண்ணை, நீ திரும்பவும் எதையோ அமத்திப்போட்டாய்," என்றது சித்தப்பா வீட்டுச் சின்னக்குரல் ஒன்று.

"நான் தொடவேயில்லை!" என்றார் அண்ணை.

வெம்பிளி மாமி றோல்ஸை மென்றுகொண்டே, "வெள்ளைக்காரன் எங்கட சனத்தைக் காட்டுவானே? நான் அப்பவே நினைச்சனான்," என்றார்.

இனி ஒளிக்க முடியாது. "அவையில்லை, மாமி," என்றேன். "நான்தான் நிப்பாட்டினனான்."

முள்ளம்பன்றி ஒரு இலைக்குவியலுக்குள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை? என்ர முகம் வடிவில்லையே?"

"முகம் நல்லாத்தான் இருந்ததம்மா. நீங்கள் மிளகாய் சுத்தினதைப் பாத்திட்டு ஒரு சின்னப்பிள்ளை கதிரையில ஏறி அடுப்பைத் திறந்திட்டுது. தாய் கண்டிட்டா. ஒண்டும் நடக்கேல்லை. அதை நான்தான் முதலே கண்டு நிப்பாட்டியிருக்கோணும். என்ர பிழை."

"பிள்ளைக்கு ஒண்டுமில்லையே? வடிவாக் கேட்டனியே?"

"ஒண்டுமில்லை. கேட்டனான்."

அம்மா சேலைத் தலைப்பை எடுத்து மடியில் போட்டார். பிறகு கேட்டார்: "அப்ப, நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் எழுதினது ஆர்?"

"நான்."

"இங்கிலீசிலயோ?"

"ஓம்."

"கையெழுத்து?"

"என்ரதான் அம்மா."

"உன்ர கையெழுத்துக்கு வெள்ளைக்காரன் நிப்பாட்டினவனோ? இங்க மட்டுமோ, எல்லா இடமுமோ?"

"நாடு முழுக்க."

அம்மா முன் வரிசைப் பக்கம் திரும்பினார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய் நிமிர்கிற மாதிரி நிமிர்ந்தார்.

"கேட்டியளே மச்சாள்? நான் ரீவியில வந்தது என்ன பெரிய விசயம், ஆரும் வரலாம். வாத்தே வருகுது. என்ர பிள்ளை ஒரு கையெழுத்து வைச்சவள், இந்த நாடு முழுக்க இண்டைக்குக் குந்தியிருந்து முள்ளம்பண்டி பாக்குது!"

"தாயையே நிப்பாட்டிப்போட்டாளே," என்றார் மாமி.

"தாயையே நிப்பாட்டினவள் வேற ஆரைத்தான் விடுவாள்?" என்றார் அம்மா. "தம்பி, சத்தத்தைக் கூட்டு."

அண்ணை கூட்டினார். முள்ளம்பன்றிகள் பால் குடித்தன, சுருண்டன, குட்டிகளோடு வேலியைக் கடந்தன. அம்மா கலியாணச் சேலையோடு கடைசிப் பெயர் போகும்வரை எழும்பவில்லை, வேறு யாரையும் எழும்ப விடவுமில்லை. அதையும் நானே தெரிந்தெடுத்துப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டு, முடிந்ததும் என்னைப் பார்த்து, "நல்ல படம் பிள்ளை," என்றார்.

நான் திருத்தவில்லை.